சுண்ணாம்பு வாளி

கஜா புயல் அடித்து ஓய்ந்த மூன்றாம் நாள் அப்பா ஒரு வாளியில் சுண்ணாம்பு கரைத்தார். தென்னை மட்டையின் நுனியைக் கல்லில் வைத்து நசுக்கித் தூரிகை மாதிரி ஆக்கிக்கொண்டார். கணக்கெடுக்க அதிகாரிகள் வருவதற்குள் விழுந்த மரங்களுக்கு நாமே எண் போட்டு வைத்துவிட வேண்டும் என்பது அவர் எண்ணம். அப்பா எண் எழுத, நான் நோட்டில் குறித்துக்கொண்டேன். வாளியைத் தூக்கிக்கொண்டு கூடவே வந்தது எங்கள் தோப்பில் கீற்று முடையும் அக்கா.

3 ஏக்கர், 210 மரம். தாத்தா வைத்தது பாதி, அப்பா வைத்தது பாதி. விழுந்த மரத்தின் மேல் ஏறி, அடுத்த மரத்தின் அடியில் குனிந்து, மட்டைகளை விலக்கிக்கொண்டுதான் நடக்க முடிந்தது. மதியத்துக்கு மேல் ஆகிவிட்டது. கடைசி எண் 183. அதை எழுதிவிட்டு அப்பா அந்த மரத்தின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். அவர் அழுது அன்றுதான் பார்த்தேன். அக்கா வாளியைக் கீழே வைத்துவிட்டு, "விடுங்க ஐயா, வேர் இருக்கிறவன் மறுபடியும் வச்சுக்கலாம்" என்றது. அந்தச் சொல்லை அன்று ஆறுதலாகத்தான் கேட்டேன். அதற்குள் இருந்த இன்னொரு பொருள் எனக்குப் புரியப் பல மாதம் ஆயிற்று.

பட்டுக்கோட்டைக்குத் தெற்கே, கடல் காற்று எட்டுகிற தூரத்தில் இருக்கிறது எங்கள் ஊர். நான் அப்போது தஞ்சாவூரில் வேலையில் இருந்தேன். எச்சரிக்கை தொடர்ந்து வந்துகொண்டிருந்ததால் 2018 நவம்பர் 15 மத்தியானமே ஊருக்கு வந்துவிட்டேன். எச்சரிக்கை சரியாகத்தான் சொன்னார்கள். 80 ஆயிரத்துக்கும் அதிகமானவர்களை முகாம்களுக்கு அழைத்துப் போயிருந்தார்கள். ஆனால் புயல் கடற்கரையைத்தான் அடிக்கும், உள்ளே வருவதற்குள் தளர்ந்துவிடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. வானொலியில் சொன்ன 100, 110 கிலோமீட்டர் வேகம் என்றால் என்ன என்று உடம்புக்குத் தெரிந்தவர்கள் எங்கள் வீட்டில் ஆச்சி ஒருத்திதான். அவள் ஐம்பத்திரண்டாம் வருஷப் புயலைப் பார்த்தவள். 1952 கார்த்திகையில் அடித்த அந்தப் புயலைப் பற்றிச் சொல்லும்போதெல்லாம் குரலைத் தாழ்த்திக்கொள்வாள்.

இரவு பதினோரு மணிக்கு அக்கா குடும்பம் கதவைத் தட்டியது. அக்கா, அவர் வீட்டுக்காரர், இரண்டு பிள்ளைகள், சாக்கில் சுற்றிய கொஞ்சம் அரிசி, பாலித்தீன் பையில் ரேஷன் கார்டு. அவர்கள் குடிசை வாய்க்கால் கரைப் புறம்போக்கில் இருந்தது. வாசல் திண்ணையில் பாயை விரித்துக் கொடுத்தோம். மூன்று மணிக்கு மேல் காற்று வேறு ஒலி எடுத்தது. முதலில் வடக்கேயிருந்து அடித்தது, சற்று அடங்கினாற்போல் இருந்துவிட்டுத் தெற்கேயிருந்து திரும்பி வந்தது. திண்ணையில் சாரல் அடித்துப் பாய் நனைந்து, பிள்ளைகள் நடுங்கின. அம்மா கதவைத் திறந்து எல்லாரையும் கூடத்துக்குள் இழுத்துக்கொண்டாள். இருபத்தேழு வருஷம் எங்கள் தோப்பில் வேலை செய்த அக்கா எங்கள் வீட்டுக் கூடத்துக்குள் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. அதற்கு ஒரு புயல் வேண்டியிருந்தது என்பதை எழுதும்போது எனக்குக் கை கூசுகிறது. எழுதாமல் இதற்கு மேல் எதையும் சொல்லிப் பயனில்லை.

அப்பாவை அக்கா 'ஐயா' என்று அழைக்கும், என்னைத் 'தம்பி' என்று அழைக்கும். நான் 'அக்கா' என்பேன். ஆச்சி மட்டும் பேர் சொல்லித்தான் கூப்பிடுவாள். ஒரு வீட்டுக்குள் மூன்று தலைமுறை ஓடியிருப்பது இந்த அழைப்புகளிலேயே தெரியும். கூலியில் அத்தனை மாற்றம் தெரியாது.

விடிந்தபோது வானம் அகலமாக இருந்தது. மரங்கள் நின்ற இடத்தில் வெறும் வெளிச்சம். தென்னைக்கு ஆணிவேர் கிடையாது. சல்லிவேர்தான், அதுவும் மேல்மண்ணிலேயே பரவியிருக்கும். மழையில் ஊறி இளகிய மண்ணில் கொண்டை கனத்த மரங்கள் ஒவ்வொன்றாகச் சாய்ந்திருந்தன. சில நடுவில் முறிந்திருந்தன. வரப்பில் நின்ற பனை ஒன்றுகூட விழவில்லை. 'தென்னை வச்சவன் தின்னுட்டுச் சாவான், பனை வச்சவன் பாத்துட்டுச் சாவான்' என்பார்கள். தின்னக் கொடுக்காத பனைதான் நின்றது.

வாய்க்கால் கரையில் குடிசை இருந்த இடத்தில் நாலு முளைக்குச்சியும் அடுப்புக் கல்லும் இருந்தன.

*

புயல் எல்லாருக்கும் ஒன்றுதான் என்று அந்த நாட்களில் எல்லாரும் சொன்னார்கள். நானும் சொன்னேன். நிவாரணப் பட்டியல்கள் வரத் தொடங்கிய பிறகுதான் அப்படி இல்லை என்பது எழுத்திலேயே தெரிந்தது.

விழுந்த தென்னைக்கு மாநில அரசு மரத்துக்கு 600 ரூபாயும், அதை வெட்டி அப்புறப்படுத்த 500 ரூபாயும் அறிவித்தது. ஆக மரம் ஒன்றுக்கு 1,100. காய்க்கிற ஒரு நெட்டை மரத்துக்கு அது மிகக் குறைவு. புதிதாகக் கன்று வைத்தால் காய்ப்புக்கு வர ஆறேழு வருஷம் ஆகும். குறைவுதான், ஆனால் வந்தது. எங்கள் 183 மரத்துக்கு 2 லட்சத்துக்குச் சற்று மேல் அப்பா கணக்கில் ஏறியது. பட்டா, அடங்கல், வங்கிப் புத்தகம் மூன்றும் எங்களிடம் இருந்தன.

அக்காவின் குடிசைக்கு 10 ஆயிரம் ரூபாய். கூடவே பாத்திரம், போர்வை, அரிசி அடங்கிய நிவாரணப் பொருட்கள். அந்த 10 ஆயிரமே மாநில அரசு கூட்டிக் கொடுத்ததால்தான். அப்போது நாடு முழுவதும் நடைமுறையில் இருந்த பேரிடர் நிவாரண விதிமுறையைப் பின்னாளில் தேடிப் படித்தேன். சமவெளியில் முழுதாய் இடிந்த வீட்டுக்கு 95,100 ரூபாய். முழுதாய் அழிந்த குடிசைக்கு 4,100 ரூபாய். 'குடிசை' என்பதற்கு அதிலேயே ஒரு விளக்கமும் இருக்கிறது: ஓலை, மண், பிளாஸ்டிக் தாள் போன்றவற்றால் கட்டிய, மண்வீட்டைவிடத் தாழ்ந்த தற்காலிக இருப்பிடம். ஒரு கறவை மாடு செத்தால் 30 ஆயிரம். மாட்டுக்கு அந்தத் தொகை கிடைக்கத்தான் வேண்டும், மாடு வளர்ப்பவர்களின் பிழைப்பு அது. ஆனால் ஒரு குடும்பம் படுத்து எழுந்து பிள்ளை பெற்று வாழ்ந்த இடம் அந்த மாட்டில் ஏழில் ஒரு பங்குகூட இல்லை என்று யாரோ உட்கார்ந்து முடிவு செய்திருக்கிறார்கள். 2022இல் தொகைகளைத் திருத்தினார்கள். அதன்படி வீட்டுக்கு 1 லட்சத்து 20 ஆயிரம், குடிசைக்கு 8 ஆயிரம், மாட்டுக்கு 37,500. வீடும் குடிசையும் அதிலும் இரண்டு தனி வரிகளாகத்தான் இருந்தன.

வேலை போனதற்கு என்ன? அதற்கும் அந்த விதிமுறையில் ஓர் இடம் இருந்தது. வாழ்வாதாரம் கடுமையாகப் பாதிக்கப்பட்ட குடும்பத்தில் பெரியவர் ஒருவருக்கு நாளுக்கு 60 ரூபாய், குழந்தைக்கு 45 ரூபாய், அதுவும் சில வாரங்களுக்கு. தென்னைக்கு ஆறேழு வருஷம் என்று எல்லாருக்கும் தெரியும். தென்னையை நம்பி இருந்தவர்களுக்கும் அதே ஆறேழு வருஷம்தான் என்பது எந்த வரியிலும் இல்லை.

அக்காவுக்கு எங்கள் தோப்பில் என்ன இருந்தது என்று அப்போதுதான் யோசித்துப் பார்த்தேன். காய்ந்து விழும் மட்டையைப் பொறுக்கி, இரண்டாகக் கிழித்து, குட்டையில் ஊறப்போட்டு, முடைந்து, கீற்றாக அடுக்கி விற்கும். முடைந்த கணக்குக்குக் கூலி. பன்னாடை, பாளை, விழுந்த குரும்பை எல்லாம் அதன் அடுப்புக்கு. வீட்டுக்காரர் மட்டை உரிப்பவர். கூரான கம்பியை மண்ணில் நட்டுவைத்து, காயை அதில் குத்தித் திருகி உரிக்கும் வேலை, எண்ணிக்கைக் கணக்கில் கூலி. நாற்பத்தைந்து நாளுக்கு ஒரு பறிப்பு என்றால், அக்கம்பக்கத்துத் தோப்புகளைச் சுற்றிவந்தால் மாதம் முழுக்க வேலை இருக்கும். ஊரில் இருந்த தோப்பு அத்தனையும் அவர்கள் பிழைப்புதான். பத்திரத்தில் ஒரு மரம்கூட அவர்களுடையது இல்லை. எங்களுக்கு 183 மரம் விழுந்தது. அவர்களுக்கு ஊரில் விழுந்த ஆயிரக்கணக்கான மரமும் விழுந்தது.

முதல் இரண்டு மாதம் கீற்றுக்குப் பஞ்சமில்லை. திரும்பின பக்கமெல்லாம் பச்சை மட்டை. அக்கா இரவு பகலாக முடைந்தது. எல்லாக் குடிசைக்கும் கூரை வேண்டியிருந்தது. தை பிறந்ததும் மட்டை காய்ந்து உளுத்துத் தீர்ந்துபோயிற்று. அதற்குப் பிறகு முடைவதற்கு எதுவும் இல்லை. வீட்டுக்காரர் பொள்ளாச்சிப் பக்கம் மட்டை உரிக்கப் போனார். மூத்த பையன் பத்தாவது முடிக்காமல் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனான். அவன் கெட்டிக்காரன், கணக்கு நன்றாக வரும். அவனை நிறுத்திவைக்க நான் எதுவும் செய்யவில்லை. எங்கள் மரத்தைப் பற்றிய கவலையில் இருந்தேன்.

எங்கள் தெருவுக்குப் பதினேழாம் நாள் கரண்ட் வந்தது. அவர்கள் பக்கத்துக்கு முப்பத்திரண்டாம் நாள்.

கஜாவில் 60க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அவர்களில் ஒரு சிறுமியை எனக்கு மறக்க முடிவதில்லை. பட்டுக்கோட்டைப் பக்கத்தில் வயதுக்கு வந்த பெண்ணை வழக்கப்படி தனிக்குடிசையில் வைத்திருந்தார்கள். அன்றிரவு தென்னை அந்தக் குடிசையின் மேல் விழுந்தது. அந்தப் பிள்ளையைக் கொன்றது காற்றா, ஓலைக் கூரையா, தீட்டு என்ற நினைப்பா? இன்னொரு செய்தியும் அதே மாதங்களில் வந்தது. புயலில் எல்லாம் இழந்த கூலித் தொழிலாளி ஒருவர் தன் சின்ன மகனை 36 ஆயிரம் ரூபாய்க்கு ஆடு மேய்க்க அடமானமாக அனுப்பியிருந்தார், பிறகு அதிகாரிகள் அந்தப் பையனை மீட்டார்கள். ஒரு குடிசையைத் திரும்ப எழுப்ப உண்மையில் எவ்வளவு ஆகும் என்பதற்கு 4,100 என்ற எண்ணைவிட அந்த 36 ஆயிரம் கிட்டத்தில் இருக்கிறது.

*

கஜாவை பூமி சூடாவதுதான் உண்டாக்கியது என்று நான் சொல்லவில்லை. வங்காள விரிகுடாவில் புயல் எப்போதும் உண்டு. ஆச்சியின் ஐம்பத்திரண்டாம் வருஷப் புயல் இருந்தது, எழுபத்தேழில் நாகப்பட்டினத்தை அடித்த புயல் இருந்தது. மாறியது கடலின் சூடு. புயலுக்குத் தீனி கடலின் மேல்பரப்பு வெப்பம்தான். காற்று 1 டிகிரி சூடானால் ஏறக்குறைய 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைத் தாங்கும், அந்த ஈரம்தான் மழையாகக் கொட்டுகிறது. கடந்த நாற்பது வருஷத்தில் உலகம் முழுக்க வரும் புயல்களில் கடும் புயல்களின் பங்கு கூடியிருக்கிறது என்கிறது ஐ.நா.வின் காலநிலை மாற்றத்துக்கான பன்னாட்டுக் குழு. அதே குழு 2022இல் வெளியிட்ட அறிக்கையில் ஒரு கணக்கு இருக்கிறது. 2010 முதல் 2020 வரை வெள்ளம், வறட்சி, புயல் ஆகியவற்றால் ஏற்பட்ட சாவு, மிகவும் நலிந்த பகுதிகளில் மற்ற பாதுகாப்பான பகுதிகளைவிட 15 மடங்கு. காற்றின் வேகம் 15 மடங்கு இல்லை. கூரை, நிலம், சேமிப்பு, சொல்லுக்குக் கிடைக்கும் மதிப்பு ஆகியவற்றில் உள்ள வித்தியாசம்தான் 15 மடங்கு.

ஏழை நாடுகள் இந்த வாதத்தை நெடுங்காலமாகச் சொல்லிவருகின்றன. கடல் மட்டம் உயர்வதால் வரும் இழப்பை ஈடுகட்ட ஒரு காப்பீட்டு ஏற்பாடு வேண்டும் என்று 1991லேயே சிறு தீவு நாடுகள் சார்பில் வனுவாட்டு கேட்டது. 'இழப்பும் சேதமும்' நிதிக்கு உலக நாடுகள் ஒப்புக்கொண்டது 2022இல், எகிப்தின் ஷர்ம் எல் ஷேக் மாநாட்டில். இடையில் முப்பது வருஷம் போய்விட்டது. புகையைக் கக்கியவர்கள் ஒருபுறம், அதன் விலையைக் கொடுப்பவர்கள் மறுபுறம் என்று நாமும் சரியாகத்தான் பேசுகிறோம். கஜாவுக்காக மாநில அரசு மத்திய அரசிடம் கேட்டது ஏறத்தாழ 15 ஆயிரம் கோடி, டிசம்பர் கடைசியில் ஒப்புதல் கிடைத்தது 1,146 கோடி. அது அநியாயம் என்று எங்கள் ஊர் டீக்கடையில் எல்லாரும் ஒரே குரலில் சொன்னோம். அந்தக் குரலில் அக்காவும் சேர்ந்துகொண்டது. ஆனால் உலகத்திடம் நாடும், தில்லியிடம் சென்னையும் கேட்கும் நியாயத்தை, வாய்க்கால் கரை எங்கள் தெருவிடம் கேட்டபோது நாங்கள் என்ன சொன்னோம்?

நாங்கள் சொன்னது, "பட்டா இருக்கா?"

இந்தக் கேள்விக்கு எங்கள் பழைய தஞ்சாவூர் மாவட்டத்தில் நீண்ட வரலாறு உண்டு. மிராசுதார் நிலத்தில் குடிசை போட்டுக்கொண்டு, அவர் சொன்ன வேலையைச் செய்து, அவர் போ என்றால் போக வேண்டிய வாழ்க்கை. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேரை ஒரு குடிசைக்குள் வைத்து எரித்தார்கள். எரிகிற கூரையாக இருந்ததால்தான் எரிக்க முடிந்தது. 1971இல் குடியிருப்பு மனைகளை அங்கு வாழ்கிறவர்களுக்கே உரிமையாக்கும் சட்டம் வந்தது. சர்வோதயத் தொண்டர்களான ஜெகந்நாதனும் அவர் மனைவி கிருஷ்ணம்மாளும் 1981இல் லாஃப்டி என்ற, உழுபவர்களுக்கு நிலம் கேட்கும் இயக்கத்தைத் தொடங்கி நிலமற்ற பெண்களின் பெயரில் நிலம் வாங்கிக் கொடுத்தார்கள். கிருஷ்ணம்மாள் குடிசையை வீடாக்குவதையே ஆயுள் வேலையாக எடுத்துக்கொண்டார். இவ்வளவுக்குப் பிறகும் வாய்க்கால் கரை, ஏரிக்கரை, சாலையோரம் என்று புறம்போக்கில் இருக்கும் குடிசைகளுக்குப் பட்டா இல்லை. பட்டா இல்லாவிட்டால் அரசு கட்டித் தரும் தொகுப்பு வீடு இல்லை. தொகுப்பு வீடு இல்லாவிட்டால் அடுத்த புயலுக்கும் குடிசை, அதற்கும் குடிசைக்கான வரியில் உள்ள தொகை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். தாத்தா காலத்தில் இந்த 3 ஏக்கரும் நெல் வயல். கல்லணைக் கால்வாயை நாங்கள் புது ஆறு என்போம். மேட்டூர் அணை கட்டிய 1934 வாக்கில் வந்த அந்த ஆறுதான் எங்கள் மேட்டுப் பூமியை வயலாக்கியது. நாங்கள் கடைமடை. தண்ணீர் கடைசியில் வரும், குறைந்தால் முதலில் நிற்கும். ஜூன் 12 என்று பேர் பெற்ற மேட்டூர்த் திறப்பு 2012 முதல் 2019 வரை எட்டு வருஷம் அந்தத் தேதியில் நடக்கவில்லை. 2016 வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் பொய்த்தது. இந்தத் தொல்லையெல்லாம் வேண்டாம் என்று முன்கூட்டியே போர்வெல் போட்டுத் தென்னைக்கு மாறியவர்கள் நாங்கள். எங்களைப் பொறுத்தவரை அது புத்திசாலித்தனம். நடவுக்கும் களையெடுப்புக்கும் அறுப்புக்கும் வந்துகொண்டிருந்த முப்பது நாற்பது பேருக்கு அது வேலையிழப்பு. அக்காவின் அம்மா எங்கள் வயலில் நடவு ஆள். வயல் தோப்பானபோது ஒரு குடும்பத்துக்கு மட்டும் கீற்று மிஞ்சியது, மற்றவர்கள் வெளியே போனார்கள். வறட்சியிலிருந்து தப்பிக்க நாங்கள் எடுத்த முடிவின் செலவை அவர்கள் கொடுத்தார்கள்.

கஜாவுக்குப் பிறகும் அதையேதான் செய்தோம். வந்த பணத்தில் போர்வெல்லை ஆழப்படுத்தி, சொட்டுநீர் போட்டு, குட்டை ரகக் கன்றுகள் வைத்தோம். குட்டை ரகம் சீக்கிரம் காய்க்கும், கைக்கெட்டும், ஆள் குறைவாகப் போதும். வேளாண்மைத் துறையில் இருக்கும் என் நண்பன் இதைத்தான் காலநிலைக்கு ஏற்ற விவசாயம் என்று பாராட்டினான். அவன் சொன்னதில் தப்பில்லை. 'ஆள் குறைவாகப் போதும்' என்று அவன் சொல்லும்போது அக்கா வரப்பில் புல் அறுத்துக்கொண்டிருந்தது.

எனக்கு வேண்டியது பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை. இடிந்த குடிசைக்கும் இடிந்த வீட்டுக்கும் ஒரே தொகை கொடுங்கள், இரண்டிலும் வாழ்ந்தது மனிதர்கள்தான். ஒரு தோப்புக்கு நிவாரணம் எழுதும்போது அந்தத் தோப்பில் யார் யார் பிழைத்தார்கள் என்று அதே தாளில் எழுதுங்கள். அதைக் கண்டுபிடிக்க ஆராய்ச்சி வேண்டாம், கிராம சபையில் பேரைப் படித்தால் ஐந்து நிமிஷத்தில் ஊரே சொல்லிவிடும். புறம்போக்கில் இருப்பவர்களுக்குப் புயல் வருவதற்கு முன்பே மேடான இடத்தில் மனைப்பட்டா கொடுங்கள். எங்களைப் போன்ற நிலக்காரர்கள் இதைக் கேட்க வேண்டும். அவர்கள் கேட்டு ஐம்பது வருஷம் ஆகிறது.

போன ஐப்பசியில் அக்கா கூரை மாற்றியது. எங்கள் குட்டை மரங்களில் அத்தனை மட்டை சேர்வதில்லை. அதனால் பேராவூரணிப் பக்கமிருந்து முடைந்த கீற்றை விலைக்கு வாங்கி வந்தது. இறக்கி வைத்துவிட்டு ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தது. "நெருக்கமா முடையல தம்பி. ஒரு மழைக்குக்கூடத் தாங்காது" என்றது.

மனைப்பட்டா கேட்டு இதுவரை இரண்டு முறை மனு எழுதிக் கொடுத்தாயிற்று. மூன்றாவதை நேற்றிரவு எழுதினேன். எத்தனை வருஷமாகக் குடியிருக்கிறீர்கள் என்று கேட்டால் சொல்வதற்கு ஒரு சான்று வேண்டும். பழைய நோட்டைத் தேடி எடுத்தேன். 1 முதல் 183 வரை எண்கள், பக்கத்தில் மரத்தின் வயது, முறிந்ததா சாய்ந்ததா என்ற குறிப்பு. கடைசிப் பக்கம் காலியாக இருந்தது. அதில் அக்கா பேர், வீட்டுக்காரர் பேர், கீற்று, மட்டை, குடிசை, வருஷம் எல்லாம் எழுதி அப்பாவிடம் கையெழுத்து வாங்கினேன். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். "கூலி எவ்வளவு குடுத்தோம்னும் எழுது" என்றார்.

திங்கட்கிழமை தஞ்சாவூரில் குறைதீர் நாள். ஆறரை மணி பஸ்ஸுக்கு வந்து நிற்கும்படி அக்காவிடம் சொல்லியிருக்கிறேன்.